பழகாத ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த டப்பாவில் எந்தக் கோளாறும் இல்லை. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். என் கை பட்டு வெளியே போன மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எங்கள் மேனேஜருக்கு என்னைக் கண்டால் ஆகாது, அவரே இதை ஒப்புக்கொள்வார். அதனால் நடந்ததற்கு டப்பாவைக் குறை சொல்ல வேண்டாம்.

அதைச் செய்தது ஃபேனுக்காக. என் மனைவி சசிரேகா ஹாலை விட்டுச் சமையலறைக்குப் போனால் ஹாலில் ஃபேனும் லைட்டும் யாருக்கென்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆள் நடமாட்டம் இருந்தால் எரியவும், இல்லாவிட்டால் அணையவும் நாமே ஒரு சாதனம் செய்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ராடார் சில்லு, தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டு, கரண்டைப் போட்டு அணைக்க ஒரு ரிலே, பழைய செல்போன் சார்ஜர். அவ்வளவுதான் சரக்கு. பத்து மணிக்கு ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டேன். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் அலை வெளியே போகாது என்பதால் சசி ஒரு பிளாஸ்டிக் பெருங்காய டப்பாவைக் கழுவிக் கொடுத்தாள். எத்தனை தடவை கழுவியும் வாசனை போகவில்லை. ஹாலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினேன்.

ஒரே தொல்லை, பக்கத்து வீட்டுப் பூனை. அது ஜன்னல் வழியாக உள்ளே வந்தாலும் லைட் எரிந்தது. பூனைக்கெல்லாம் லைட் போடுகிற வீடு இல்லை என்னுடையது.

எங்கள் கம்பெனிக்குப் போன வருஷம் ஒரு புரோகிராம் வந்திருக்கிறது. ஓடுகிற மோட்டாரின் அதிர்வை வைத்தே அது எந்த மோட்டார், அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடும். புது மோட்டாரை அதன் முன்னால் பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். இதற்கு எங்கள் ஷெட்டில் பழக்கிவிடுவது என்று பேர். ஒரு தடவை பழக்கிவிட்டால் ஆயிரம் மோட்டாருக்கு நடுவில் வைத்தாலும் அடையாளம் கண்டுவிடும். தெரியாதது வந்தால் 'பழகாத மோட்டார்' என்று திரையில் காட்டி, ஒரு நம்பரும் போடும். அந்த புரோகிராமைப் பார்த்துக்கொள்கிற சகாயராஜ் எனக்கு வேண்டிய பையன். அவனிடம் பூனை விஷயத்தைச் சொன்னேன். இரண்டே நாளில் அதைச் சின்னதாக்கி, மோட்டார் என்று இருந்த இடத்திலெல்லாம் ஆள் என்று மாற்றிக் கொடுத்துவிட்டான்.

"இது மூஞ்சியப் பாக்காதுங்கண்ணா," என்றான். "நடக்கறப்ப ஒடம்பு எப்படி அசையுதுன்னு மட்டுந்தான் பாக்கும். எட்டு எவ்வளவு நீளம், அடி எவ்வளவு கனம், கை எவ்வளவு வீசுது, அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் அது வேற. பூனைய எல்லாம் கணக்குலயே எடுத்துக்காது."

அடுத்த ஞாயிறு நான் ஹாலில் பத்து நிமிஷம் நடந்தேன். டப்பா என்னை 'வெள்ளிங்கிரி' என்று பழகிக்கொண்டது. பிறகு சசியை நடக்கச் சொன்னேன். நடுவில் நின்றுவிடப் போகிறாளே என்று சோபாவில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, பொடி எட்டாக வைத்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். போதுங்களா, போதுங்களா என்று மூன்று தடவை கேட்டாள். போதாது என்றேன். பத்து நிமிஷத்தில் 'சசிரேகா'வும் பதிவானாள். எங்கள் மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், அவளை லீவுக்கு வரும்போது பழக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் அருமையாக வேலை செய்தது. பூனை வந்தது, லைட் எரியவில்லை. சகாயராஜ் நான் கேட்காத இன்னொன்றையும் அதில் சேர்த்திருந்தான். எப்போது யார் நடந்தார்கள் என்று என் போனுக்குக் குறிப்பு வரும். நான் வீட்டில் இல்லாத நேரத்துக் குறிப்பு மட்டும் வந்தால் போதும் என்று வேலை நாட்களில் காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரைக்கும் அமைத்துக்கொண்டேன். நான் இருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கே தெரியுமே.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் டீ குடிக்கும்போது சும்மா போனைத் திறந்தேன். 'பழகாத ஆள் 1' என்று இருந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து.

சிலிண்டர் கொண்டுவரும் கேஸ்காரராக இருக்கும் என்று நினைத்தேன். கேஸ்காரர் இரண்டு மணி நேரம் ஹாலில் நடக்க மாட்டார். எட்டு நீளம், அடி கனம், கை வீச்சு அதிகம் என்று டப்பா விவரம் கொடுத்திருந்தது. டீயைக் கீழே வைத்தேன். முந்தின நாட்களின் குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன். நான் கிளம்பி அரை மணி நேரத்தில் அவன் வந்துவிடுகிறான். நான் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் காணாமல் போகிறான். நடுவில் சில நிமிஷம், பக்கத்து வீட்டம்மாவோ வேறு யாரோ வாசலில் வந்து கூப்பிடுகிற நேரமாக இருக்கும், மறைந்துவிடுகிறான், அப்போது மட்டும் 'சசிரேகா' என்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பதால் வருவதே இல்லை. மற்ற நாளெல்லாம் என் வீட்டில் என்னைவிட அதிக நேரம் இருக்கிறான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அவன் ஹாலில் இருக்கும் நேரத்தில் சசி ஹாலுக்கே வருவதில்லை. அப்படியானால் எங்கே இருக்கிறாள்? எங்கள் வீட்டில் ஹாலை விட்டால் சமையலறை, அதை விட்டால் படுக்கையறை. அன்றைக்கு மூன்று மோட்டாரைத் தப்பாக டெஸ்ட் செய்தேன். என் சர்வீசில் அது முதல் தடவை.

சசியிடம் கேட்டிருக்கலாம். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்வார்கள். வயிறு எரிகிறவன் கேள்வி கேட்க மாட்டான், ஆதாரம்தான் தேடுவான். எனக்கு வயிறு நன்றாகவே எரிந்தது. அவன் யார் என்று தெரிவதற்கு முன்பே அவன் சட்டை என்ன நிறம் என்றுகூட முடிவு பண்ணிவிட்டேன்.

எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிற முகுந்தன் மேல்தான் முதலில் சந்தேகம் போனது. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான், கல்யாணம் ஆகவில்லை. போன பொங்கல் சமயம் மாடிப்படியில் அவன் ஏதோ சொல்ல, சசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் கேட்டுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். என்ன சொன்னான் என்று கேட்டதற்கு ஒண்ணுமில்லீங்க என்றாள். ஒன்றுமில்லாததற்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா? நான் எத்தனையோ ஜோக் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு, அன்றைக்கு மட்டும் குறிப்பு வரும்படி மாற்றிவிட்டு, அவனை காபிக்குக் கூப்பிட்டேன். டப்பாவுக்கு முன்னால் நடக்கவைக்க வேண்டுமே, அதற்காகத் தண்ணீர் சொம்பை எடுத்துத் தா, பேப்பரை எடுத்துத் தா என்று அவனை ஹாலுக்குள் அலையவிட்டேன். விருந்தாளியை இப்படி வேலை வாங்குகிறீர்களே என்று சசி கண்ணால் கேட்டாள். அவன் நுனிக்காலில் பூப்போல நடந்தான். போனைப் பார்த்தேன். 'பழகாத ஆள் 2' என்றது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏமாற்றமாக இருந்தது. முகுந்தனாக இருந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பேன். இப்போது முகமே தெரியாத ஒருவனோடு மல்லுக்கு நிற்க வேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்டதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சாயங்காலம் தெருமுனையிலேயே ஸ்கூட்டரை அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். கேட் கொண்டியைச் சத்தம் வராமல் தூக்கினேன். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, காலை ஊன்றாமல் உள்ளே வந்தேன். அங்கணத்தில் கழுவாமல் கிடக்கும் டம்ளர்களை எண்ணினேன். சோபாவுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். ஜன்னல் திரைக்கு ஓரத்தில் நின்று தெருவைப் பார்த்தேன். சசி ஒரு தடவைதான் கேட்டாள், "ஏனுங்க, பூனையாட்ட வர்றீங்க?" என்று. நான் இன்னொரு தடவை டம்ளரை எண்ணப் போய்விட்டேன். அதற்கப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் மாதம் பொறுக்க முடியாமல் சகாயராஜிடம் போனேன். வீட்டு விஷயம் என்று சொல்லவில்லை. இரண்டு மோட்டார், ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓடுவதே இல்லை, பக்கத்தில் பக்கத்தில் காட்டியதே இல்லை, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே நேரத்துல ஓடவே இல்லீன்னா, மொதல்ல அது ரெண்டு மோட்டாருதானான்னு பாக்கணுங்கண்ணா," என்றான். "ஒரே மோட்டாரத்தான் லோடோட பழக்கியிருப்பீங்க. அதையே லோடு இல்லாம ஓடவிட்டா, இது வேற மோட்டாருன்னுதான் சொல்லும்."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ளவனுக்கு இவன் லோடு பற்றி, மோட்டார் இழுக்கும் பாரம் பற்றிப் பாடம் எடுக்கிறானா என்று எரிச்சல் வந்தது. என் மனசில் இருந்தது வேறு. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பிடித்த அன்றே சசியைக் கோபிச்செட்டிபாளையத்தில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். மகளிடம் எப்படிச் சொல்வது என்பதைக்கூட இரண்டு விதமாக யோசித்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் இருபத்தேழு, வியாழக்கிழமை. அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்குத் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். போனைப் பார்த்தேன். 'பழகாத ஆள் 1, நடமாட்டம்' என்று இருந்தது. காம்பவுண்டு ஓரமாகவே போய் ஹால் ஜன்னலுக்குக் கீழே குனிந்து, திரைக்கு நடுவில் இருந்த இடுக்கில் கண்ணை வைத்தேன். சொந்த வீட்டு ஜன்னலில் திருடன் மாதிரி நின்றேன்.

உள்ளே சசி மட்டும் இருந்தாள்.

அவன் சோபாவில் உட்கார்ந்திருப்பான் என்று சோபாவைப் பார்த்தேன். காலி. மறுபடி சசியைப் பார்த்தேன். புடவையைத் தூக்கிச் சொருகியிருந்தாள். கையில் டீ டம்ளர். ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நாலே எட்டில் போனாள். தரை அதிர, கையை வீசி, தலையை நிமிர்த்தி நடந்தாள். நடந்துகொண்டே சத்தமாகப் பேசினாள். காதில் போன் இல்லை. காது கொடுத்துக் கேட்டபோதுதான் அவள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. முந்தின நாள் ரசத்தில் என்னத்தைப் போட்டாய் என்று நான் கேட்டிருந்தேன். அப்போது அவள் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"என்னத்தப் போட்டேனா? எப்பவும் போடறதுதான் போட்டேன்," என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். "ரசம் மாறலீங்க. நீங்கதான் மாறிட்டீங்க." சொல்லிவிட்டு டீயை ஒரு வாய் குடித்தாள், அவளே சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு வாயைப் பொத்தவில்லை. திரும்பி மறுபடி நாலு எட்டு.

போனைப் பார்த்தேன். 'பழகாத ஆள் 1.' திரை இடுக்கைப் பார்த்தேன், சசி. மறுபடி போன். எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. டப்பா தப்புச் சொல்லவில்லை. அதன் முன்னால் நடப்பவள் எனக்கும் பழக்கம் இல்லை.

எழுந்து போய் கேட் கொண்டியைத் தூக்கினேன். இந்தத் தடவை சத்தம் வந்தது. உள்ளே டம்ளர் வைக்கும் ஓசை. போனில் எழுத்து மாறியது. 'சசிரேகா' என்று வந்தது. என் கண் முன்னாலேயே ஒருத்தி போய் இன்னொருத்தி வந்தாள். கதவைத் திறந்தபோது புடவை கணுக்காலில் இருந்தது, நடை பொடி எட்டாக இருந்தது.

"என்னங்க இந்நேரத்துல? ஒடம்பு சரியில்லீங்களா?" என்று நெற்றியில் கை வைக்க வந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், அதில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த பெருங்காய டப்பாவைப் பார்த்தாள். போனை வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

சசி அவசரப்படாமல் படித்தாள். பிப்ரவரியிலிருந்து ஆரம்பித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மனிதர்கள் மோட்டார் இல்லை, மோட்டாருக்குக் கூச்சம் கிடையாது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது உன்னை நடக்கவைத்ததுதான் தப்பு என்றெல்லாம் விளக்கினேன். இதுக்குத்தான் என்னைப் பத்து நிமிஷம் நடக்கவைத்தீர்களா என்று மட்டும் கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. அவளுக்கு எவ்வளவு கோபம் என்று அதிலிருந்தே தெரிந்தது.

"இந்த நடை எப்ப வந்துச்சு உனக்கு?" என்றேன்.

"இதுதாங்க என்ற சொந்த நடை. கல்யாணமான புதுசுல மாடி வீட்டுல குடியிருந்தமே, அப்ப சொன்னீங்க, கீழ ஹவுஸ் ஓனர் இருக்காங்க, தரை அதிர நடக்காதேன்னு. அன்னைக்கு மாத்தினது."

"அது அந்த வீட்டுக்குச் சொன்னது சசி."

"இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருசமாச்சு. கீழ யாருமே இல்லை, மண்ணுதான் இருக்கு. ஆனா சொன்னதை நீங்க வாபஸ் வாங்கல."

எனக்கு அதைச் சொன்ன ஞாபகமே இல்லை. நான் லோடு ஏற்றிவிட்டு மறந்துபோயிருக்கிறேன், அவள் இறக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் என் பொறாமை போகவில்லை. அந்த நாலு எட்டுக்காரி தினமும் ஒன்பது மணி நேரம் இந்த வீட்டில் இருக்கிறாள், தானே பேசித் தானே சிரிக்கிறாள், நான் கொண்டியைத் தூக்கினால் போய்விடுகிறாள்.

சசி இன்னும் போனை வைக்கவில்லை. நான் அமைத்திருந்த எட்டரை, ஆறு என்பதை எடுத்துவிட்டு, இருபத்துநாலு மணி நேரத்தின் குறிப்பையும் திறந்திருந்தாள்.

"ஒண்ணாவது ஆள் நானு. ரெண்டாவது, மாடி வீட்டுத் தம்பி, காபிக்குன்னு கூப்பிட்டு வேலை வாங்குனீங்களே, அன்னைக்கு வந்திருக்கு," என்றாள். "இந்த மூணாவது ஆள் யாருங்க?"

"மூணாவதா?"

"தெனமும் சாயங்காலம் ஆறேகாலுக்கு வர்றான். அடி கனமே இல்லையாம், கை வீசறதே இல்லையாம். நின்னு நின்னு நடக்கறானாம். ராத்திரி பூரா இங்கதான் இருக்கான், காத்தால எட்டரைக்குப் போறான்."

போனை வாங்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை.

"அவன் வந்தா எனக்கும் பயமாத்தாங்க இருக்குது. டம்ளரை எண்றான். சோபாவுக்குப் பின்னாடி பாக்கறான். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியல."

வாசலுக்குப் போனேன். ஷூவை மாட்டிக்கொண்டு, கேட்டைச் சத்தமாகத் திறந்து மூடி, பழையபடி தொம்தொம்மென்று உள்ளே வந்தேன். கையை வீசினேன். ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். எப்படி நடந்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்து வைத்த எட்டு எதுவும் என் எட்டாக இல்லை. என்ன காட்டுகிறது என்று கேட்டேன். மூணுதான் என்றாள். மறுபடி நடந்தேன். இருபது நடை நடந்தேன். மூணுதாங்க, உக்காருங்க என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் உட்காரத் துணிவில்லாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் திரையை மேலே தள்ளித் தள்ளி மார்ச் மாதத்துக்குப் போனாள்.

எங்கள் பக்கத்தில் அவள் வயசுப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சசியும் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டைத்தான் நீட்டுவாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக இப்போது என் பேரை அவள் வாயால் கேட்டேன்.

"வெள்ளிங்கிரின்னு ஒருத்தர் வந்துட்டிருந்தாருங்க," என்று திரையைப் பார்த்துப் படித்தாள். "கடைசியா மார்ச் இருபதாந் தேதி ஆறு பதினாலுக்கு வந்திருக்கார். அதோட சரி. முப்பத்தெட்டு நாளா அவரு வீட்டுக்கே வரல."

போனை டீப்பாயில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல மனுசனுங்க அவரு," என்றாள்.

சசி ஒரு ஆம்பளையைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.